பதினோரு நிமிஷம்

கொடைக்கானல்,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, ஐந்தாவது மெஷின்தான் காரணம். நீயும் உங்கள் கிளஸ்டரில், அதாவது சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டத்தில், ஒரு நோடு (இன்னொரு மெஷின்) சேர்க்கப்போவதாக எழுதியிருந்தாய். நான் பட்டதைக் கேட்டுக்கொள்.

இங்கே சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் எடுத்த படங்கள் இருக்கின்றன அல்லவா? டிஜிட்டலாக்கி வைத்த அந்தப் படங்களில் எங்கள் பசங்க கரும்புள்ளிகளை எண்ணுகிறார்கள். நாலு மெஷின் போதவில்லை. அதனால் ஒரு பழைய பெட்டியை ஜீப்பில் போர்வை சுற்றி வத்தலக்குண்டிலிருந்து மேலே கொண்டுவந்தேன்.

அதில் ஸ்லர்ம் போட்டேன், வேலைகளை மெஷின்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருள் அது. கூட்டத்தை நிர்வகிக்கும் மாஸ்டர் மெஷினில் இருந்த மஞ்ச் சாவியை (மெஷின்கள் ஒன்றையொன்று நம்ப உதவும் ரகசியக் கோப்பு) அப்படியே நகலெடுத்து, உரிமையாளரை மாற்றி, அனுமதியை 400, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கலாம் என்று ஆக்கினேன். புது மெஷினில் ‘ஸ்லர்ம்டி’ கட்டளையோடு பெரிய சி கொடுத்தால் சிபியு, ராம் விவரத்தையெல்லாம் ஒரே வரியாகத் துப்பிவிடும். அதைத்தான் கான்ஃபிக் கோப்பில் ஒட்டினேன். ராமை மட்டும் கொஞ்சம் குறைத்து எழுது. இருப்பதைவிடக் கூடுதலாக எழுதிவிட்டால் நோடை ஒதுக்கி வைத்துவிடும். அந்தக் கோப்பை ஐந்து மெஷினுக்கும் அனுப்பி சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்தேன்.

மெஷின்களின் நிலையைக் காட்டும் ‘எஸ்இன்ஃபோ’ அடித்தால் புதுசு டவுன். மறுபடி அடித்தாலும் டவுன். ஃபயர்வாலைத் திட்டினேன், கேபிளை மாற்றினேன். நடுவில் கரண்ட் வேறு போனது. வாசலில் காட்டுமாடு நின்றதால் ஜெனரேட்டர் பக்கமும் போக முடியவில்லை. இரண்டு நாள் வீண்.

கடைசியில் மாஸ்டரில் அந்தச் சாவியால் ஒரு மஞ்ச் அடையாளச் சீட்டு தயாரித்து, எஸ்எஸ்எச் (இன்னொரு மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் புது மெஷினில் பிரிக்கச் சொன்னேன். ‘ரீவவுண்ட் கிரெடென்ஷியல்’ என்றது. அதாவது, இனிமேல் வரப்போகிற நேரத்தில் எழுதிய சீட்டாம்! இரண்டிலும் ‘டேட்’ அடித்துப் பார்த்தேன். புதுசு பதினோரு நிமிஷம் பின்னால். மஞ்ச் வழக்கமாக 300 விநாடி வித்தியாசம் வரைதான் பொறுக்கும்.

தப்பு என்னுடையது. லேபில் மாஸ்டருக்கு மட்டும்தான் இன்டர்நெட். மற்றவை அதனிடம்தான் மணி கேட்கும். அதற்கு, மணியைச் சரியாக வைக்கும் க்ரோனி மென்பொருளின் கோப்பில் எழுத வேண்டிய ஒரு வரியைப் புதுசுக்கு நான் எழுதவே இல்லை. எழுதி, மணியை உடனே திருத்தும் ‘மேக்ஸ்டெப்’ கட்டளை கொடுத்ததும் மணி சரியானது. ஸ்லர்ம்டியை ரீஸ்டார்ட் செய்து, ‘எஸ்கன்ட்ரோல்’ வழியாக ரெஸ்யூம் சொன்னேன். ‘ஐடில்’, வேலைக்குத் தயார்! அந்த நேரத்தில் பார்க்க ஆளில்லையே என்றுதான் வருத்தம்.

பெட்டி அணைந்திருக்கும்போது மணியைக் காக்கும் நாணய பேட்டரியும் செத்திருக்கிறது. டிசம்பரில் வரும்போது சிஆர்2032 ஐந்தாறு வாங்கி வா. உனக்கு மலைப்பூண்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்வெட்டரை மறந்துவிடாதே, போன தடவை என்னுடையதைக் கொண்டுபோனவன் இன்னும் திருப்பித் தரவில்லை.

உன் பழைய ரூம்மேட்