கஞ்சாச் சுருளும் பொலிஸ் ரிப்போட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினால் டொலர் கொட்டும் என்று ஒருவரும், நாடே நாசமாகிவிடும் என்று இன்னொருவரும் அண்மையில் உங்கள் வாசகர் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். இருவரும் ஒரு காலைப்பொழுதாவது நீதிமன்றத்தில் வந்து நின்றிருப்பார்களா என்பது சந்தேகம்தான். நான் இருபத்தாறு வருடம் நின்றவன். கொழும்பில் ஒரு நீதவான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றேன்.

"நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று தமிழில் கேட்பது என் வேலை. சிறு அளவு கஞ்சாவோடு பிடிபட்டவர்களில் அநேகர் கேள்வி முடியுமுன்னமே "குற்றவாளி, ஐயா" என்பார்கள். சுற்றவாளி, அதாவது குற்றம் செய்யவில்லை, என்றால் வழக்குக்குத் தவணை. தவணை என்றால் லோயர் காசு, பிணைக்கு ஆள், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி நட்டம். ஒப்புக்கொண்டால் தண்டத்தைக் கட்டிவிட்டு மத்தியானத்துக்குள் போய்விடலாம். 'சுற்றவாளி' என்றால் என்னவென்று தெரியாமல், தெரிந்த சொல்லைச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

ஒரு பையனை மறக்க முடியவில்லை. ஊர் ஹட்டன் பக்கம். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் நாட்டாமி வேலை, வெங்காய மூட்டையும் சீனி மூட்டையும் தூக்குகிறவன். சட்டைப் பையில் இரண்டு சுருள் இருந்ததாக வழக்கு. பிரவுண் உறையில் போட்டு, சிவப்பு அரக்கு வைத்து முத்திரை குத்தி மேசையில் வைத்திருந்தார்கள். எடை மில்லிகிராமில் எழுதியிருந்தது. உள்ளே இருந்ததைவிட அரக்குத்தான் கனமாக இருந்திருக்கும். தண்டம் கட்டக் கையில் காசில்லை. அம்மா தோட்டை அடகு வைத்து, இரவு ரயிலில் வந்து கட்டும்வரை அவன் உள்ளேதான் கிடந்தான்.

சரி, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்துக் கொட்டாஞ்சேனையில் என் வீட்டைத் தேடி வந்தான். கட்டாரில் வேலை சரிவந்திருக்கிறது, வெளிநாடு போகக் கேட்கும் பொலிஸ் ரிப்போட்டில் பழைய வழக்கு விழுந்திருக்கிறது, ஏஜென்சிக்காரர் பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதை அழிக்க ஏதும் வழி இருக்கா ஐயா?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்த வழி ஒன்றும் இருக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

இந்த வழக்குகளுக்கு அடிப்படை, வெள்ளைக்காரன் காலத்தில், 1929 இல் வந்த நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். திருத்தங்கள் பல வந்தும் எலும்புக்கூடு அதேதான். ஆனால் அதே செடிக்கு வேறு வாசலும் உண்டு. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வைத்தியர்கள் மருந்து செய்ய முறைப்படி கஞ்சா பெறலாம். ஏற்றுமதிக்கு மட்டும் என்று சொல்லி, மீரிகமவில் வேலி போட்டு வளர்க்க வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு 2025 இல் அனுமதியும் கொடுத்தாயிற்று. வேலிக்கு உள்ளே அது முதலீடு, நாட்டாமியின் சட்டைப் பையில் அது குற்றம்.

இதைப் படித்துவிட்டு என்னைக் கஞ்சா கட்சிக்காரன் என்று நினைக்க வேண்டாம். கடை திறந்து விற்பதற்கு நான் எதிர். கஞ்சா கலந்த மதன மோதகம் என்ற லேகியத்தை வாங்கித் தின்றுவிட்டு வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியையான என் மருமகள் சொல்லாத வாரம் இல்லை. தாய்லாந்து 2022 இல் கதவை அகலத் திறந்துவிட்டு, தெருவெல்லாம் கடை முளைத்தபின் 2025 இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று அவசரமாகச் சட்டம் போட்டது. வடக்குக் கரையில் படகிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் 'கேரளக் கஞ்சா'வுக்கும் நான் இரக்கம் கேட்கவில்லை. (அதில் எவ்வளவு கேரளத்தில் விளைந்தது என்பது வேறு கதை.) இன்று எங்கள் பகுதி வீடுகளை உடைப்பது 'ஐஸ்' என்ற இரசாயனப் போதைப்பொருள். பொலிஸாரின் நேரம் அதற்குப் போகட்டும்.

போர்த்துக்கல் 2001 இலிருந்து செய்வதைப் பாருங்கள். விற்பவனுக்கு அங்கேயும் சிறைதான். பொதுவாகப் பத்து நாள் சொந்தப் பாவனைக்கு மேற்படாத அளவு வைத்திருப்பவன் மட்டும் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு குழுவின் முன் போகிறான். தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள், குற்றப் பதிவு விழுவதில்லை.

இங்கே அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால், ஒன்றையாவது செய்யலாம். சிறு அளவுக்குத் தண்டம் கட்டி முடித்த வழக்கு, மூன்று வருடம் வேறு பிரச்சினை இல்லாவிட்டால், பொலிஸ் ரிப்போட்டில் வராமல் இருக்கட்டும். மீரிகமவில் வேலி போடும் செலவுகூட அதற்கு ஆகாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.