முந்திரிகைப் பந்தலைப் பிடுங்க வேண்டாம்

மார்சாலா, ஐப்பசி

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலமாக இருக்கிறேன். அப்பாவின் கடிதம் வந்து வெகு நாளாகியும் பதில் எழுதாதது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அறுவடை முடிந்து இன்றுதான் நிதானமாக உட்கார முடிந்தது. முந்திரிகைப் (திராட்சை) பந்தலைப் பிடுங்கிவிட்டுத் தோட்டக்காணியைக் குத்தகைக்கு விடலாமா என்று அப்பா கேட்டிருந்தார். அதற்கு விடை சொல்வதற்கு முன் இங்குள்ள தோட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்சாலா, சிசிலித் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. கரையோரம் உப்பளங்கள், அவற்றைத் தாண்டினால் கொடிகள். கோடையில் மழை இல்லை. ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சிரோக்கோ என்னும் சூடான காற்று தூசியோடு வந்து அடிக்கும். இந்த வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கும் இனங்களைத்தான் இவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள்: வெள்ளையில் கத்தராத்தோ, இன்சோலியா, கிரில்லோ, கறுப்பில் பெரிக்கோனே, நேரோ தாவோலா. பழைய தோட்டங்களில் பந்தல் கிடையாது. கொடியை உயரவிடாமல் குட்டைச் செடியாகவே கத்தரித்து வைக்கிறார்கள். பனிக்காலத்தில் இலை கொட்டி உறங்கும் கொடி, ஆண்டுக்கு ஒரு முறைதான் காய்க்கும். ஊரில் நாங்கள் கத்தரித்து ஆண்டில் இரண்டு தரம் குலை வெட்டுவோம் என்று சொன்னால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை.

துனீசியாவுக்கு அருகிலுள்ள பாந்தெல்லேரியா தீவில் காற்று இன்னும் பொல்லாதது. அங்கே நிலத்தில் குழி பறித்து, அதற்குள்ளேயே சிபிப்போக் கொடியை வளர்க்கிறார்கள். பழத்தை வெயிலில் உலர்த்தி இனிப்பு வைன் செய்கிறார்கள். அந்தப் பயிர்முறையை யுனெஸ்கோ 2014 இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த சிபிப்போவையும் கத்தராத்தோவையும் கலந்து, 19ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ மெந்தோலா என்னும் பிரபு உருவாக்கியதுதான் கிரில்லோ. வேர்ப்பூச்சி வந்து சிசிலியின் தோட்டங்கள் அழிந்தபின், அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டி மறுபடி நட்டபோது இந்தப் பகுதியெங்கும் கிரில்லோ பரவியது. வெயிலில் சீனி நன்றாக ஏறும் பழம் என்பதால் மார்சாலா வைனுக்கு மிகவும் பொருந்தியது.

1773 இல் ஜோன் வூட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர் இவ்வூர் வைனில் சாராயம் சேர்த்துக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதன் பிறகுதான் மார்சாலாவின் பெயர் உலகமெங்கும் போனது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். அதற்கு முன்பே வீடுகளில் இருந்த வழக்கப்படி அவரிடம் ஒரு பீப்பாய் இருக்கிறது: எடுத்த அளவுக்குப் புது வைனை ஆண்டுதோறும் ஊற்றி நிரப்புவார், அடி காண விடமாட்டார். அவருடைய தகப்பனார் ஊற்றியதும் அதற்குள்ளே கலந்திருக்கிறதாம். மாலையானால் அதை விரலால் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். அம்மா கோபிக்க வேண்டாம், ஒரு சிறு கிண்ணம் குடித்தேன். வாதுமை மணமும் உப்புச் சாயலும் இருந்தன.

அவரே ஒருநாள் கோதுமை ரவையைக் கையால் உருட்டி, துளையுள்ள மண்சட்டியில் ஆவியில் அவித்து, மீன்குழம்பு ஊற்றித் தந்தார். மூடியைத் திறந்ததும் அம்மா பிட்டு அவிக்கும் குசினிக்குள் நிற்பதுபோல் இருந்தது. நான் அன்று சாப்பிடவில்லை. சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சித்தப்பா தீபாவளிக்குக் கூப்பிட்டார், வேலை இருந்ததால் போகவில்லை.

அப்பா, சிபிப்போவும் கடல் கடந்து வந்த இனம்தான் என்கிறார்கள். கிரில்லோவோ ஒரு மனிதர் கலந்து உண்டாக்கியது. இன்று இரண்டும் இவர்களுக்குச் சொந்தம். நம் செம்பாட்டு மண்ணில் நீங்கள் வளர்த்த கொடியும் வெளியிலிருந்து வந்ததுதான். அதனால் அது நமக்கு அந்நியமாகிவிடாது. வடக்குப் பக்கத்தை வெங்காயத்துக்குக் குத்தகை கொடுங்கள், பந்தலைத் தொட வேண்டாம். தூண்கள் இரண்டு சரிந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மாமாவின் மகனைக் கூப்பிட்டு மாரி பிடிக்குமுன் நிமிர்த்துங்கள்.

தங்கச்சியின் கலியாண எழுத்தைத் தையில் வைக்க மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் சம்மதியுங்கள். அறுவடை முடிந்த இடைவெளி என்பதால் அடுத்த இரு மாதமும் பணம் சற்றுக் குறைவாக வரும். அதைப் பற்றி அம்மா யோசிக்க வேண்டாம். அடைவு வைத்த சங்கிலியை மீட்கும் பணத்தைக் கத்தரிப்பு வேலை தொடங்கியதும் அனுப்புகிறேன். அதுவரை வட்டியை மட்டும் கட்டச் சொல்லி மாமாவிடம் சொல்லுங்கள். ஆச்சியின் கண் சத்திரசிகிச்சைக்கு எந்தத் திகதி கொடுத்தார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்