கல்யாண வரவேற்பில் செல்ஃபி கேட்கும் க்யூஆர் அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இப்போதெல்லாம் எங்கள் மதுரைப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், வரவேற்பில் சந்தனமும் கல்கண்டும் வைத்திருக்கும் மேஜையிலேயே ஒரு சின்ன ஸ்டாண்டில் க்யூஆர் அட்டை நிற்கிறது. அதை ஸ்கேன் செய்து, போன் நம்பரைக் கொடுத்து, ஒரு செல்ஃபி எடுத்துப் போட்டால், கேமராக்காரர்கள் எடுத்த மூவாயிரம் நாலாயிரம் படங்களில் நம் முகம் இருக்கும் படங்கள் மட்டும் பொறுக்கியெடுத்து நம் போனுக்கு வந்துவிடும். சில இடங்களில் பந்தியில் எழுந்து கை கழுவுவதற்குள் வந்துவிடுகிறது. பலரும் ஆச்சரியப்படுகிறார்கள், சந்தோஷப்படுகிறார்கள், அதோடு விட்டுவிடுகிறார்கள். இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் விவரமாக எதையும் நான் படிக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்வது ஒரு பெரிய வேலை. ஸ்டுடியோ கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து ஃபைல் நம்பரைத் தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும், நடுவில் சித்தப்பா படம் ஒன்றுகூட இல்லையே என்று ஒரு மனத்தாங்கல் வரும், கடைசியில் ஆல்பம் கைக்கு வருவதற்குள் சில வீடுகளில் வளைகாப்பே வந்துவிடும். வந்த விருந்தாளிக்கோ தன் படத்தைப் பார்க்கும் வாய்ப்பே கிடையாது. இன்று திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்த பெரியம்மாவுக்கும் மேடையில் எடுத்த படம் அன்றைக்கே கிடைத்துவிடுகிறது. ஆகவே இதைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்க வரவில்லை.

ஆனால் இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். நம் செல்ஃபியை வைத்துத் தேட வேண்டுமென்றால், அதற்கு முன்பே அந்த நாலாயிரம் படங்களில் உள்ள ஒவ்வொரு முகத்தையும் அந்த மென்பொருள் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றையும் சில நூறு எண்களாக மாற்றிச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். நம் செல்ஃபியும் அதேபோல் எண்களாக மாறும், எது எதற்குக் கிட்டத்தில் வருகிறதோ அதை எடுத்து நீட்டும். அதாவது ஸ்கேன் செய்யாமல் ஒதுங்கிப் போனவர் முகமும் அதில் உண்டு. நாதஸ்வரக்காரர், பந்தி பரிமாறியவர், மடியில் தூங்கிய குழந்தை, எல்லார் முகமும் உண்டு. மொய் நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் இருக்கும், ஆனால் அந்த நோட்டு கல்யாண வீட்டுக்காரர் பீரோவில் இருக்கும். இந்த முக நோட்டு யார் பீரோவில் இருக்கிறது என்று கல்யாண வீட்டுக்காரருக்கே தெரியாது.

நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். போன வைகாசியில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, செல்ஃபி எடுக்கவும் வழி இருந்தது, போனில் ஏற்கெனவே இருக்கும் படத்தைப் போடவும் வழி இருந்தது. என் மனைவியிடம் சொல்லிவிட்டு அவருடைய வாட்ஸ்அப் டிபியைப் போட்டேன். அவர் மேடையில் நின்றது, பந்தியில் வாயில் சாதத்தோடு இருந்தது, மணமகள் அறையில் தலைவாரிக்கொண்டிருந்தபோது எடுத்தது என்று அத்தனையும் என் நம்பருக்கு வந்துவிட்டது. நான் கணவன், சரி. அதே டிபி யார் போனில் இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் குழந்தையின் படத்தை இன்ஸ்டாவிலிருந்து எடுத்துப் போடுகிறவனுக்கும் இதேதான் நடந்திருக்கும். அந்த க்யூஆர் படத்தையும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள், மண்டபத்துக்கு வராதவர்களும் திறக்கலாம். அப்புறம் ஒரு வாரத்தில் ஆரம்பித்தது, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களை அழையுங்கள் என்று வாட்ஸ்அப் செய்திகள். நான் படத்துக்காகக் கொடுத்த நம்பர் அது.

ஸ்டுடியோக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, அவர்கள் பிழைப்பு அப்படி மாறிவிட்டது. ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கக் கணக்குப்படி 2010இல் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன, 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே. முதல் டிஜிட்டல் கேமராவை 1975இல் தன் ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்த்த கோடக் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. ஊட்டியில் ‘இந்து’ ஃபிலிம் செய்த நம் அரசாங்கக் கம்பெனியும் பிழைக்கவில்லை. ஒரு காலத்தில் ஃபிலிம் ரோல், கழுவுவது, பிரிண்ட் போடுவது, என்லார்ஜ்மென்ட் என்று படி படியாகக் காசு வந்தது. இப்போது பாஸ்போர்ட் சைஸையும் ஆல்பத்தையும் விட்டால் பிரிண்ட் கேட்டு வருகிறவர் குறைவு. விற்க ஒரு பொருள் இல்லாதபோது, படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும்தான் வியாபாரம் என்று ஆகிவிட்டது. கூகுள் போட்டோஸ் 2015இல் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம் என்று வந்தது, எல்லாரும் கொட்டினோம், 2021 ஜூன் 1 முதல் புதிதாகப் போடுவதெல்லாம் மெயிலோடு சேர்த்து 15 ஜிபி கணக்கில்தான், மேலே வேண்டுமென்றால் மாதக் காசு. இலவசம் என்று வாங்கி வைப்பவர்கள் என்றைக்காவது ஒரு கணக்கு வைத்துத்தான் வாங்குகிறார்கள்.

அமெரிக்காவில் எவர்ஆல்பம் என்று ஒரு கம்பெனி இருந்தது. போட்டோவைப் பத்திரமாக வைத்துத் தருகிறோம் என்று ‘எவர்’ என்ற ஆப் நடத்தியது. பிறகு அதே படங்களில் இருந்த முகங்களைப் பயன்படுத்தி முகம் அறியும் மென்பொருளை வளர்த்து அதை விற்கப் போனது, கணக்கை மூடியவர்களின் படங்களைக்கூட அழிக்காமல் வைத்திருந்தது. அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 2021இல் அந்தப் படங்களை மட்டுமல்ல, அவற்றால் உருவான மென்பொருள் மாதிரிகளையும் அழிக்கச் சொன்னது. அதே வருடம் நவம்பரில் ஃபேஸ்புக்கும் படங்களில் முகத்தைப் பார்த்துத் தானாகவே பெயர் சொல்லும் வசதியை நிறுத்தி, 100 கோடிக்கும் மேற்பட்டவர்களின் முக விவரங்களை அழிப்பதாக அறிவித்தது. முக விவரத்தைச் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாது என்ற இல்லினாய் மாநிலச் சட்டப்படி மக்கள் போட்ட வழக்கில் 65 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் இது நடந்தது. அவ்வளவு பெரிய கம்பெனி கையைச் சுட்டுக்கொண்டு விட்ட வேலையை இங்கே நாம் சந்தனத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து வரவேற்கிறோம்.

இன்னொரு வயிற்றெரிச்சல். ஸ்டுடியோவின் பழைய ஆல்பங்களைக் காட்டிப் பழக்கினால் அதே கலரில் புதுப் படங்களைத் தானே சரிசெய்துவிடும் ஏஐ மென்பொருள்களும் இந்தத் தொழிலுக்குள் வந்துவிட்டன. பழைய ஆல்பத்திலேயே எல்லாரையும் வெளுத்துத்தானே வைத்திருக்கிறார்கள், புதுசு வேறு எப்படி வரும். என் மாமா கோவில்பட்டிக் கரிசலில் வேலை செய்து கறுத்த மனிதர், ஆல்பத்தில் யாரோ மாதிரி இருக்கிறார். சரி, அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, ஆனால் முக்கியமான கடமைகள் பலவற்றுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சம்மதம் வாங்க வேண்டும், எதற்கென்று சொல்ல வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், மீறலைப் பொறுத்து 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றெல்லாம் இருக்கிறது. சொந்த, குடும்ப உபயோகத்துக்கு விலக்கு உண்டு என்பதால் பெண்ணைப் பெற்றவர் தன் போனில் படம் வைத்திருப்பதில் சிக்கலில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு முகம் தேடித் தரும் கம்பெனி அந்த விலக்குக்குள் எப்படி வரும்? ஸ்டுடியோவா, ஆப் கம்பெனியா, யார் பொறுப்பு என்று மண்டபத்தில் கேட்டால் இரண்டு பேருமே ‘நான் இல்லை’ என்பார்கள். புகைப்படக் கலைஞர்கள் சங்கங்கள் இதை இப்போதே உட்கார்ந்து பேசினால், நாளைக்கு நோட்டீஸ் வந்து வக்கீலைத் தேட வேண்டியிருக்காது.

அதுவரை, அடுத்த முகூர்த்தத்துக்கு ஸ்டுடியோவில் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் கேட்டு எழுதி வாங்க வேண்டியது இவ்வளவுதான்: அந்த லிங்க் எத்தனை நாளில் மூடப்படும், மூடிய பிறகு முக விவரங்களையும் அழிப்பார்களா, கேலரி படத்தைப் போட்டுத் தேடும் வழியை அடைப்பார்களா, மணமகள் அறையில் எடுத்தவற்றையும் குழந்தைகள் படங்களையும் அதில் ஏற்றாமல் விடுவார்களா, விருந்தாளிகளின் நம்பரை விளம்பரத்துக்குத் தொடாமல் இருப்பார்களா. கூடவே எல்லாப் படங்களையும் ஒரிஜினல் அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள், லிங்க் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். யாரிடம் படம் இருக்கிறது, எப்போது அழியும் என்ற இரண்டு வரியை அந்த க்யூஆர் அட்டையிலேயே தமிழில் அச்சடிக்கச் சொல்லுங்கள், அதற்கு ஒன்றும் பெரிய செலவில்லை.

இதையெல்லாம் எங்கள் தெரு ஸ்டுடியோக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். “அந்த செட்டிங் எல்லாமே இருக்கு சார், பின் நம்பர்கூடப் போடலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, அதான் போடுறதில்ல” என்றார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
மதுரை