கணக்கைச் சொல்லும் முன் சொல்லைச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் சென்ற வாரம் வீட்டுப்பாடத்துக்கு நடுவில் தலையைத் தூக்கி, "அம்மா, ஈவுன்னா என்ன?" என்று கேட்டாள். "வகுத்தா வர்ற விடை" என்றேன். "மீதியும் வகுத்தா வர்றதுதானே?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பள்ளியில் நானும் ஈவு, மீதி என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பென்சில் டப்பாவைக் கவிழ்த்து 17 பென்சில்களை எண்ணி எடுத்தேன். ஐந்து பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, எல்லாருக்கும் சமமாகக் கொடு என்றேன். சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக வைத்தாள். ஆளுக்கு மூன்று போனது, கையில் இரண்டு நின்றது. ஈதல் என்றால் கொடுத்தல், ஒரு பொம்மைக்கு நீ ஈந்தது மூன்று, அதுதான் ஈவு; கொடுக்க முடியாமல் மிஞ்சிய இரண்டு மீதி என்றேன். அவளே நோட்டைத் திருப்பி, வகுபடும் எண் 17, வகுக்கும் எண் 5 என்று விரலை வைத்துக் காட்டினாள். ஈகை என்ற சொல் அவளுக்கு முன்பே தெரியும். அதற்கும் இந்த ஈவுக்கும் உறவு உண்டு என்று மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுடைய கணக்குப் புத்தகத்தைச் சொல் சொல்லாகப் பார்த்து வருகிறேன். தொடக்க வகுப்பில் பல பிள்ளைகள் தடுக்கி விழுவது எண்ணில் அல்ல, சொல்லில் என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. நம் கணக்குச் சொற்களில் பலவும் தன் பொருளைத் தானே சொல்லக்கூடியவை. பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பகு என்றால் பிரி. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றிப் பிரியாத எண் என்பதால் பகா எண். 7 பகாது, 6 இரண்டாகவும் மூன்றாகவும் பகும். வகுத்தலும் அப்படித்தான். பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பதால்தான் அது வகுப்பு. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

எல்லாச் சொல்லும் இவ்வளவு எளிதில் கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. முக்காலில், அதாவது 3/4-இல், பகுதி எது என்று மகளைக் கேட்டேன். மூன்று என்றாள். அவள் வழியில் அது நியாயம்தான். நாலு துண்டில் நாம் எடுத்தது மூன்று, எடுத்ததைத்தானே பேச்சில் பகுதி என்கிறோம்! முழுசை எத்தனையாகப் பகுத்தோம் என்பதைச் சொல்வதால் கீழே இருப்பது பகுதி, அவற்றில் எத்தனையைத் தொகுத்து எடுத்தோம் என்பதைச் சொல்வதால் மேலே இருப்பது தொகுதி என்று காகிதத்தை மடித்துக் காட்டியபிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

எண்ணுப் பெயர்களிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை எல்லாப் பத்துகளும் 'பது' என்றே முடிகின்றன. ஒன்பதும் 'பது' என்று முடிகிறது, ஆனால் அது வெறும் 9. தொண்ணூறு என்னும்போது நூறு காதில் விழுகிறது, ஆனால் அது 90. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது, அது 900. இந்த மூன்று இடத்திலும் ஒன்பது அடுத்த படியின் பெயரை மாட்டிக்கொண்டு நிற்கிறது. சொல்லச் சொல்ல எழுதும் பயிற்சியில் தொண்ணூற்றிரண்டை என் மகள் 902 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு தப்புக்குறி, அவ்வளவுதான். கேட்டதைக் கேட்டபடி எழுதிய பிள்ளை அவள். அதைப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

அப்புறம் கழித்தலில் வரும் 'கடன் வாங்குதல்'. 52-இலிருந்து 27-ஐக் கழிக்க, பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு என்று சொல்லித்தருகிறோம். "எப்பத் திருப்பிக் கொடுக்கணும்?" என்று கேட்டாள். திருப்பிக் கொடுப்பதே இல்லை, வாங்குவதும் ஒன்று இல்லை, பத்து. பத்துப் பத்துப் பென்சிலாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைத்தோம். ஒரு கட்டை அவிழ்த்தாள். இப்போது நாலு கட்டு, 12 உதிரி. ஏழு உதிரியையும் இரண்டு கட்டையும் எடுத்தாள், 25 நின்றது. இப்போதெல்லாம் அவள் கடன் என்பதில்லை, 'கட்டை அவிழ்க்கிறேன்' என்கிறாள். சில பாடநூல்களில் இதற்கு இனமாற்றம் என்று இருக்கிறது. நல்ல சொல்தான், ஆனால் கட்டை அவிழ்த்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் அது புரியும்.

சமக்குறியைக் கண்டால் 'விடை இங்கே' என்று படிக்கும் பழக்கமும் உண்டு. 3 + 4 = □ + 2 என்று கொடுத்தால் பல பிள்ளைகள் கட்டத்தில் 7 என்று போடுவார்கள். இருபுறமும் ஒரே அளவு என்பதுதான் சமம், ஆகவே 5. கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் இந்தக் குறியை அறிமுகப்படுத்தியபோது, ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைவிடச் சமமானது வேறில்லை என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

பெரியவர்கள் சொல்லித்தரும் குறுக்குவழியில்தான் எனக்கு வருத்தம் அதிகம். 'அதிகம் என்று வந்தால் கூட்டு, குறைவு என்று வந்தால் கழி' என்கிறோம். கண்ணனிடம் 8 பென்சில்கள் உள்ளன, இவை மாலாவிடம் இருப்பதைவிட 3 அதிகம், மாலாவிடம் எத்தனை? அதிகத்தைப் பார்த்த பிள்ளை 11 என்று எழுதும். விடை 5. இங்கே பிள்ளை பார்க்க வேண்டியது 'விட' என்ற சின்னச் சொல்லை. 'அதிகம்' என்று வரும்போது அது யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அவரிடம்தான் குறைவு. இதைக் கணக்குப் பாடம் என்பதா, தமிழ்ப் பாடம் என்பதா?

உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு கணக்குப் புதிர் வருகிறது. அதன் கீழே நாலு வரியில் ஒரு கணக்குச் சொல்லுக்கு இடம் கொடுங்கள். காரணி, மடங்கு, இடமதிப்பு, சுற்றளவு என்று ஒவ்வொன்றாக, வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே செய்து பார்க்கும்படி எழுதுங்கள். மடங்கிலிருந்து தொடங்கினால் எங்கள் வீட்டுக்கு உதவியாக இருக்கும். 'மடங்குதுன்னா மடியுது, அது எப்படிப் பெருக்கலாச்சு?' என்று நேற்றிரவு கேட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள்.

அன்புடன்,
மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்