தம்பிக்கு, மாசக்கடைசி வேலை முடிஞ்சதும் படி

தம்பி, சாப்பிட்டியா. போன் பண்ணா "பிசிம்மா"னு வெச்சிடுற, அதான் டைப் பண்ணி அனுப்புறேன். இங்க எல்லாரும் சவுக்கியம். அப்பாவுக்கு சுகர் பரவால்ல. மாடி வேலை பாதில நிக்குது.

பூக்கார ஆச்சிய ஞாபகம் இருக்கும்ல. போஸ்ட் ஆபீஸ் ஏஜென்ட்னு என்கிட்டதான் மாசம் 1500 ரூவா ஆர்டி, அதான் மாசாமாசம் கட்டுற சேமிப்பு, போட்டாங்க, 60 மாசமும் விடாம. 15ம் தேதிக்கு முன்னாடியே சுருக்குப்பையில இருந்து எடுத்து எண்ணிக் குடுத்துட்டு, கார்டுல நான் கையெழுத்து போடுற வரைக்கும் எதிர்லயே நிப்பாங்க. அது முடிஞ்சு லட்சத்துக்கு மேல வந்துச்சு, எஃப்டி போடலாம்னு ஒரு பேங்குக்கு போயிருக்காங்க, திரும்பி வந்தப்ப கைல இருந்தது இன்சூரன்ஸ் பாலிசி. வருசம் 1 லட்சம் வீதம் 10 வருசம் கட்டணுமாம். "வட்டி கூட வரும்னு அந்த பேங்க் தம்பி சொன்னாரு"ங்குறாங்க. பூக்கட்டி பொழைக்கிற மனுசி வருசா வருசம் லட்சத்துக்கு எங்க போவாங்க சொல்லு. நல்லவேளை பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகல, அதுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா கொஞ்சம் பிடித்தம் போக பணத்த திருப்பிக் குடுத்தே ஆகணும். முன்னாடி 15 நாளா இருந்தத 2024ல தான் 30 ஆக்குனாங்க. நானே கூடப் போய் எழுதிக் குடுத்தேன், பணம் வந்துடுச்சு.

அந்த டேபிள்ல இருந்த பையனுக்கு உன் வயசுதான் இருக்கும். என்னைய நிமிர்ந்தே பாக்கல. லெட்டர்ல சீல் வைக்கும்போது "டார்கெட் ஆன்ட்டி"னு மெதுவா சொன்னான். அவன் மேல எனக்கு கோவம் வரல தம்பி. உன் முகம்தான் வந்துச்சு.

நீ பெங்களூர்ல பேங்க்ல ரிலேஷன்ஷிப் மேனேஜர்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிருக்கேன். பெஸ்ட் பெர்ஃபார்மர்னு அவார்டு வாங்குன போட்டோவ அப்பா போன்ல வால்பேப்பராவே வெச்சிருக்காரு. ஆனா என்ன விக்கிறனு நீயும் சொன்னதில்ல நானும் கேட்டதில்ல. தூக்கம் வரலனு தங்கச்சிகிட்ட சொன்னியாமே, எங்ககிட்ட சொன்னா என்ன.

ட்ரெயினிங்ல கோர் வேல்யூஸ் எழுதச் சொன்னாங்க, எல்லாரும் நேர்மை, கஸ்டமர்தான் முக்கியம்னே எழுதுனோம்னு ஒருநாள் சொன்ன. எழுதுறது யாரு வேணா எழுதலாம். எதுக்காக நீ கைநட்டப்பட்டிருக்க, எதுக்காக நாலு பேர் பகைய வாங்கிருக்க, அதப் பாரு, அதான் உன்னோடது. தாத்தா படுத்த படுக்கையா இருந்தப்ப அப்பா ப்ரமோஷன் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு கோவில்பட்டியிலயே இருந்துட்டாரு, எனக்கு அப்ப அவ்ளோ ஆத்திரம், ஆனா இன்னிவரைக்கும் அவரு அதப்பத்தி புலம்பி நான் பாக்கல. எனக்கு வேற. ஆர்டில 100 ரூவாக்கு 4 ரூவா கமிஷன், அதுக்காக முடியாதவங்கள 5000 கட்டுங்கனு சொல்ல எனக்கு வாய் வராது, நாலஞ்சு மாசம் விட்டுட்டா கணக்கே நின்னு போகும்ல. உனக்கு எதுனு நீதான் பாக்கணும், நான் சொல்லி வராது. ஆனா ஒண்ணு, ஹாஸ்டல் மெஸ் செகரட்டரியா இருந்தப்ப காய்கறி பில்லு முதக்கொண்டு மாசாமாசம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவ, சீனியருங்க சண்டைக்கு வந்தும் நிறுத்தல, அந்த வருசம்தான் நீ எங்ககிட்ட அதிகமா பேசுனது. எந்த வேலை செஞ்ச அன்னிக்கு நீயா வீட்டுக்கு போன் பண்ற, எத சொல்லாம முழுங்குற, ரெண்டையும் ஒரு நோட்டுல எழுதிப்பாரு. ஆபீஸ் நோட்டு வேண்டாம், உன் சொந்த நோட்டுல எழுது.

வேலைய விடுனு சொல்லல. அதே பேங்குல வேற பிரிவு கேக்க முடியுமானு விசாரி. மாடி கட்டணும்னு நீ மூச்சுமுட்ட ஓட வேண்டாம், அது பாதியா நின்னா நிக்கட்டும், லோனுக்கு அப்பா பென்ஷன் இருக்கு, என் கமிஷன் இருக்கு. நேரத்துக்கு சாப்பிடு.

ஞாயித்துக்கிழமை கூப்பிடு. கடைசியா யார்கிட்ட பாலிசி போட்ட, அவங்களால கட்ட முடியுமா, அத மட்டும் சொல்லு, நான் திட்ட மாட்டேன். வயசானவங்க யாராவது புரியாம கையெழுத்து போட்டிருந்து இன்னும் 30 நாள் முடியலனா எனக்கு போன் பண்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு பண்ணிடு.

அம்மா