டீச்சர் எழுதிய இதழ்கள்: மகளுக்கு ஒரு கடிதம்

திருப்பாப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள மகளுக்கு,

தெருக்கோடி வீட்டு டீச்சர் காலமான செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது நீ அழுத அழுகையில் மேற்கொண்டு பேச முடியாமல் போயிற்று. அவருடைய படத்திறப்பு சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதைப் பற்றி உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

வந்தவர்களில் உறவினரைக் காட்டிலும் ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களே அதிகம். பண்ருட்டியிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்திருந்தார்கள். அன்று டீச்சர் வீட்டுக் கூடத்தில் பாயில் அமர்ந்து பார்த்த பிள்ளைகள் பலர் இன்று தம் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள்.

தொண்ணூறுகளில் சன் டிவியில் அந்தத் தொடர் வாரம் ஒருமுறை வரும். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்தின் தயாரிப்பு. அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றுவிட்டால் அவ்வளவுதான். விட்ட பகுதியைத் தேடிப் பிடிக்க அன்று எந்த வழியும் இல்லை. ‘விடாது கருப்பு’ பகுதியிலோ கதை இரண்டு காலங்களில் மாறி மாறி நடக்கும். ஒரு வாரம் தவறினாலும் இந்தச் சிறுவன்தான் வளர்ந்து நிற்கும் அந்த ஆளா என்று தெரியாமல் திண்டாட வேண்டியதுதான். அப்படித் திண்டாடியவர்களுக்காகத்தான் டீச்சர் ஒரு நீளமான நோட்டில் நடந்த கதையை எழுதித் தெருவுக்குள் சுற்றுக்கு விட்டார். அதுவே பிறகு கையெழுத்துப் பத்திரிகையாயிற்று. ஒரே பிரதிதான். வீடு வீடாகப் போய்த் திரும்பி வரும்போது, வாசகர்களுக்கென்று வெறுமையாக விட்டிருந்த கடைசிப் பக்கங்கள் நிறைந்திருக்கும்.

கதைச் சுருக்கத்தோடு அவர் நின்றிருந்தால் இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள். தொடர் காட்டாமல் விட்ட இடங்களில் அவர் தம் சொந்தக் கதைகளை எழுதினார். கெடில ஆற்றங்கரையில் கருப்புசாமிக்கு மண் குதிரை செய்து தரும் குயவர் வீட்டுப் பெண்ணின் கதை உனக்கு நினைவிருக்கும். தொடரில் குற்றம் செய்தவனைச் சாமி தேடி வந்து தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. டீச்சரின் கதையிலோ, எந்த வீட்டார் எதற்காக நேர்ந்துகொண்டு குதிரை செய்யச் சொல்கிறார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் தெரிகிறது. அதனால் ஊரின் பயங்களையும் பாவங்களையும் சாமிக்கு முன்பே அவள் அறிந்துவிடுகிறாள். அறிந்தும் யாரிடமும் சொல்லாமல் சூளைக்குத் தீ மூட்டுகிறாள். படத்திறப்பன்று அந்தக் கதையை நம் பழைய கூட்டத்துப் பையன் ஒருவன் வாசித்தான். இப்போது அவன் பேருந்து நடத்துநர். குரல் தழுதழுத்து இரண்டு முறை நிறுத்தினான். ஒரு தொடரின் ரசிகை எழுதியதுதானே என்று அதை யாரும் தள்ளிவிட முடியாது என்பேன். மூலக்கதையில் இல்லாத ஒரு பெண்ணை அதன் நடுவே நிற்க வைத்து, அவளில்லாமல் அந்தக் கதையையே நினைக்க முடியாதபடி செய்வதற்கு உண்மையான எழுத்தாளரால்தான் முடியும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டீச்சர் வீட்டு ஓடுகள் பறந்து இதழ்கள் எல்லாம் நனைந்து, பெரும்பகுதியில் மை கரைந்து போயிற்று. மின்சாரம் வராத அந்த நாட்களில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, நினைவில் இருந்த கதைகளை அவர் மறுபடியும் எழுதினார். கதைகள் மீண்டன, வாசகர்கள் கடைசிப் பக்கங்களில் எழுதியவை மீளவில்லை. அதைத்தான் அவர் கடைசிவரை சொல்லி வருந்தினார்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் மறைந்த செய்தி கேட்டு, கை நடுக்கத்தையும் பொருட்படுத்தாமல் டீச்சர் இன்னோர் இதழ் எழுதினார். நம்பிக்கைக்கும் அறிவுக்கும் நடுவே வாசகரை நிற்க வைத்து, எந்தப் பக்கமும் பிடித்துத் தள்ளாமல் விட்டவர் என்று அதில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தார். அதுவே டீச்சரின் கடைசி இதழாகிவிட்டது.

எஞ்சிய இதழ்களைத் தொகுத்து அச்சிடுவதென்று படத்திறப்பன்று முடிவாயிற்று. கதைகளை மட்டும் போட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. வாசகர் பக்கங்களைக் கையெழுத்தோடு அப்படியே அச்சிட வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். அடுத்த கதையைத் தொடங்கும் முன் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் டீச்சர் எழுத உட்காருவார். குயவர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மகள் பிறந்ததே, ‘அவளுக்குத் துணைக்கு யாரும் இல்லையா டீச்சர்?’ என்று நீ பென்சிலால் எழுதிக் கேட்டதால்தான்.

நீ கேட்ட கேள்வி இருக்கும் அந்த இதழ் உன்னிடம் இருக்கிறது. திருமணமாகிப் போகும்போது டீச்சரே உனக்குக் கொடுத்தது. புயலில் நனையாத பழைய இதழ் இப்போது அது ஒன்றுதான். அதை அஞ்சலில் அனுப்ப வேண்டாம். வழியில் தொலைந்தால் வேறு பிரதி கிடையாது. அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை, ஓரத்தில் எழுதியிருப்பதும் விடுபடாமல், பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் பொங்கலுக்குள் அனுப்பு. பென்சில் எழுத்து மங்கியிருந்தால் அதன் மேல் பேனாவால் எழுதிவிடாதே. டீச்சரைப் பற்றி நீயும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். எழுதுவாய் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா