மதிப்பெண் ஒரு நாள் தள்ளிப்போகிறது

வணக்கம் நண்பர்களே. இந்த மாதம் நீங்கள் வரைந்து அனுப்பிய படங்களுக்கான முடிவை இன்று சொல்வதாக இருந்தேன். நாளை இரவுக்குத் தள்ளிவைக்கிறேன், மன்னிக்கவும்.

காரணம் என் பழைய படங்கள்தான். மதிப்பெண் போட்டு முடித்த கையோடு, எதற்கும் பார்ப்போமே என்று பரணிலிருந்து சிலவற்றை இறக்கினேன். பல வருடம் சுவரில் தொங்கிய ரோஜாப் படத்தில் சிவப்பு வெளிறி, இதழ்கள் சாயம் போன துணி மாதிரி இருந்தன. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வண்ணம் வெளிச்சத்துக்குத் தாங்காது என்று தெரியாமல் அதையே நம்பிய காலம். சட்டத்தின் விளிம்புக்கு அடியில் ஒளிந்திருந்த அரை விரல் அகலம் மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

அதைவிட உறுத்தியது நிழல். எல்லா நிழலுக்கும் கருப்பு வண்ணத்தையே கரைத்து ஊற்றி வைத்திருக்கிறேன்! இதே தவறுக்குத்தான் உங்களில் இருவருக்குக் கறாராகக் குறைத்திருந்தேன். அந்த மதிப்பெண்களை அழித்துவிட்டேன், எல்லாப் படங்களையும் மறுபடி பார்க்கிறேன்.

1908இல் கண்காட்சிக்கு முன்னால் பிரெஞ்சு ஓவியர் மோனே தன் அல்லிக்குளப் படங்கள் பலவற்றைத் தானே கத்தியால் கிழித்தார். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. படங்கள் பரணுக்கே போய்விட்டன.

ஓவியத்தை எடுத்த புகைப்படம் மங்கலாக வந்தவர்கள் நாளை மதியத்துக்குள் மறுபடி அனுப்பலாம். ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல், நேராக நின்று எடுங்கள். ஃபில்டர் வேண்டவே வேண்டாம். கருப்பு வெள்ளையாக மாற்றிய பிரதி ஒன்றும் சேர்த்தால் ஒளி, நிழல் வித்தியாசம் எனக்குச் சட்டென்று பிடிபடும்.